அமெரிக்கப் படையினருக்குக் கார் காப்பீடு உண்மையில் மலிவா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் படைகளில் சேர்ந்து பயிற்சி முடித்து முதல் படைத்தளத்துக்கு வந்து இறங்கும் எவருக்கும், வந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "உனக்கென்னப்பா, ராணுவத் தள்ளுபடி இருக்கிறது, கார் இன்சூரன்ஸ் பாதியாகிவிடும்." சேமிக்கிறார்கள் என்பது உண்மை; பாதியாகிவிடும் என்பது கதை. படையினருக்குக் காப்பீட்டில் கிடைக்கும் சேமிப்பில் பெரும்பங்கு, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் அந்தத் தள்ளுபடியிலிருந்து வருவதில்லை. எந்த நிறுவனத்தில் சேரும் தகுதி இருக்கிறது, வண்டி எந்த முகவரியில் நிற்கிறது, டிப்ளாய்மென்ட் எனப்படும் களப்பணிக்குப் போகும்போது பாலிசியை எப்படிச் சுருக்கினோம், இடையில் காப்பீடு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டோமா என்ற நான்கு கேள்விகளிலிருந்துதான் அது வருகிறது. இவற்றைக் கவனிக்காதவர், தள்ளுபடி பெற்றும் பக்கத்துத் தெருவில் வசிக்கும் சாதாரணக் குடிமகனைவிட அதிகம் கட்டிக்கொண்டிருப்பார்.

கிரீன் கார்டுடன் படையில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள், அமெரிக்காவிலேயே வளர்ந்து சேர்ந்தவர்கள், படையில் இருப்பவரை மணந்து தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்திருக்கும் துணைவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வரிசை மாறாமல் செய்தால் வேலை எளிது.

முதற்படி: பாலிசியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படியுங்கள்

அமெரிக்கக் கார் பாலிசி பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு எழுதப்படுகிறது. அதன் முதல் பக்கத்தை டிக்ளரேஷன்ஸ் பக்கம் என்பார்கள். மொத்தப் பிரீமியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடாதீர்கள்; அந்தத் தொகை எந்தெந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று அங்கேயே பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

முதலாவது லயபிலிட்டி. நம் தவறால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும் நிறுவனம் கட்டும் பணம் இது. நம் ஊரில் தேர்ட் பார்ட்டி என்று சொல்வது. டெக்சஸில் இதற்கான சட்டக் குறைந்தபட்சத்தை 30/60/25 என்று எழுதுவார்கள்: ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் காயமடைந்த அனைவருக்கும் சேர்த்து 60,000, பொருட்சேதத்துக்கு 25,000. பெரிய கடற்படைத் தளம் உள்ள நார்ஃபோக் நகரம் இருக்கும் வர்ஜீனியாவில் 2025 தொடக்கம் முதல் இது 50/100/25. இரண்டாவது கொலிஷன், மோதலில் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. மூன்றாவது காம்ப்ரிஹென்சிவ். இந்தியாவில் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் எல்லாம் அடங்கியது என்று பொருள். அமெரிக்காவில் அது திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, வெள்ளம், கண்ணாடி உடைதல், சாலையில் மான் குறுக்கே பாய்ந்து மோதுதல் போன்ற, கொலிஷனில் அடங்காத இழப்புகளுக்கு மட்டுமே. மூன்று பகுதிகளில் பெரும்பாலும் மிகச் சிறிய தொகையும் இதற்குத்தான்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதைத் தள்ளுபடிக் கணக்கு காட்டும். யு.எஸ்.ஏ.ஏ. என்னும் நிறுவனம், படைத்தளத்துக்குள் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு 15 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. ஆனால் அந்தச் சதவீதம் காம்ப்ரிஹென்சிவ் பகுதிக்கு மட்டும். எடுத்துக்காட்டுக்கு, ஆறு மாதப் பிரீமியம் 1,200 டாலர் என்றும், அதில் லயபிலிட்டி 600, கொலிஷன் 400, காம்ப்ரிஹென்சிவ் 200 என்றும் வைத்துக்கொள்வோம். 200-இல் 15 சதவீதம் 30 டாலர். மாதத்துக்கு 5 டாலர். மொத்தப் பிரீமியத்தில் இரண்டரை சதவீதம். காவலுடைய வாசலுக்குள் நிற்கும் வண்டி திருடுபோவது அரிது என்பதால்தான் திருட்டை ஈடுசெய்யும் பகுதியில் மட்டும் குறைக்கிறார்கள்; அதில் சூது ஒன்றும் இல்லை. விளம்பரத்தைக் கேட்டுவிட்டு 1,200-இல் 15 சதவீதத்தைக் கழித்து மனக்கணக்குப் போடுபவர்தான் ஏமாறுகிறார். ஆகவே எந்த நிறுவனம் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும் உடனே கேட்க வேண்டிய கேள்வி: "எந்தப் பகுதியின் மீது?"

இரண்டாம் படி: எந்தக் கதவுகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன என்று பாருங்கள்

யு.எஸ்.ஏ.ஏ. 1922-இல் டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் 25 ராணுவ அதிகாரிகள் கூடித் தொடங்கிய சங்கம். ஓரிடத்தில் நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருப்பவர்கள் என்பதால் மற்ற நிறுவனங்கள் அவர்களுக்குக் காப்பீடு தரத் தயங்கின; எனவே ஒருவர் காரை மற்றவர்கள் சேர்ந்து காப்பீடு செய்துகொள்வது என்று முடிவெடுத்தார்கள். நெடுங்காலம் அதிகாரிகளுக்கு மட்டுமாக இருந்த இந்தக் கதவு, 1996-க்குப் பிறகே அதிகாரி அல்லாத வீரர்களுக்குத் திறந்தது. இன்று பணியில் இருப்பவர்கள், நேஷனல் கார்ட், ரிசர்வ் பிரிவினர், நற்பெயருடன் விடுவிக்கப்பட்ட முன்னாள் படையினர், அவர்களின் துணைவர்கள், அங்கே காப்பீடு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் ஆகியோர் சேரலாம். பொதுமக்கள் சேர முடியாது. மேலே சொன்ன 5 டாலர் தள்ளுபடியைவிட, தகுதியுள்ளவர்களை மட்டும் சேர்க்கும் இந்த அமைப்பே பலருக்குப் பெரிய சேமிப்பாக அமைகிறது. அடிப்படை விலையே தாழ்வாக இருந்தால் அதன்மேல் தள்ளுபடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. யு.எஸ்.ஏ.ஏ. என்ற ஒரே பெயரின் கீழ் பாலிசி எழுதும் நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை: தாய்ச் சங்கம், யு.எஸ்.ஏ.ஏ. கேஷுவல்டி, யு.எஸ்.ஏ.ஏ. ஜெனரல் இண்டெம்னிட்டி, கேரிசன் என்பவை. இவற்றின் விலை ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. உங்கள் பாலிசி எதில் எழுதப்பட்டிருக்கிறது என்பது டிக்ளரேஷன்ஸ் பக்கத்தின் மேற்பகுதியில் அச்சாகியிருக்கும். சக வீரர் ஒருவர் தாம் கட்டும் தொகையைச் சொன்னால், அதை உங்கள் தொகையோடு ஒப்பிடுவதற்கு முன் இருவர் பக்கத்திலும் ஒரே நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கெய்கோ என்னும் காப்பீட்டு நிறுவனத்தின் பிறப்பும் இப்படிப்பட்டதே. 1936-இல் லியோ குட்வின் அரசு ஊழியர்களையும் ராணுவத்தின் மூத்த ஆணைபெறா அதிகாரிகளையும் நம்பித் தொடங்கிய நிறுவனம் அது. அந்தப் பெயரே அரசு ஊழியர் காப்பீட்டு நிறுவனம் என்பதன் சுருக்கம். இன்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம். படையினருக்கு 15 சதவீதம் வரையிலும், உயிராபத்துப் படி வழங்கப்படும் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு 25 சதவீதம் வரையிலும் தள்ளுபடி உண்டு. எல்லா மாநிலங்களிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கேன்சஸ் மாநிலத்தின் லெவன்வொர்த்தில் 1887-இல் தொடங்கிய ஆர்ம்டு ஃபோர்சஸ் இன்சூரன்ஸ் போன்ற சிறிய அமைப்புகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

லூசியானாவில் பணியமர்த்தப்பட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. ஃபோர்ட் போல்க், பார்க்ஸ்டேல் விமானப்படைத் தளம் போன்ற இடங்களுக்கு வரும் பணியிலுள்ள படையினருக்கு 25 சதவீதத் தள்ளுபடி தர வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டமே காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. நாட்டிலேயே கார் காப்பீடு மிக அதிக விலை விற்கும் மாநிலங்களில் லூசியானாவும் ஒன்று என்பதால் இது சின்னத் தொகை அல்ல. கேட்டு, படிவம் கொடுத்து, அடுத்து வரும் டிக்ளரேஷன்ஸ் பக்கத்தில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரே அளவுக்கு விலை கேளுங்கள்

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது ராணுவத் தள்ளுபடி எதுவும் தராத நிறுவனமாக இருக்கட்டும். தள்ளுபடி இல்லாத இடத்தில் 780 டாலருக்குக் கிடைக்கும் பாலிசியே, 1,000 டாலர் விலையில் 15 சதவீதம் குறைத்து 850-க்குத் தருபவரிடம் வாங்குவதைவிட மலிவு. சொல்லும்போது இது எளிய கணக்குதான். ஆனால் "ராணுவத் தள்ளுபடி" என்ற இரண்டு சொற்களைக் கேட்டவுடன் ஒப்பிடுவதையே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

ஒப்பிடும்போது லயபிலிட்டி வரம்பு, டிடக்டிபிள் எனப்படும் நம் கைப்பங்கு, ஆறு மாதமா ஓராண்டா என்ற காலம் ஆகிய மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் 500 டாலர் கைப்பங்கும் மற்றோரிடத்தில் 1,000 டாலர் கைப்பங்கும் வைத்து விலை கேட்டால் இரண்டாவது மலிவாகத்தான் தெரியும். விலையைக் குறைப்பதற்காக லயபிலிட்டியைச் சட்டக் குறைந்தபட்சத்துக்கு இறக்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பொருட்சேதத்துக்கான அந்த 25,000 டாலரை இன்றைய புதிய கார்கள் பெரும்பாலானவற்றின் விலையே தாண்டுகிறது. மேல்மிச்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டியதுதான். தீர்க்கப்படாத கடனும் நீதிமன்றத் தீர்ப்பும் படையில் இருப்பவரின் பாதுகாப்பு அனுமதியையே கேள்விக்குள்ளாக்கக்கூடியவை என்பதால், இங்கே மிச்சம் பிடிப்பது மிக விலையுயர்ந்த மிச்சம்.

நான்காம் படி: விலையை ஏற்றும் காரணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகச் சேர்ந்த வீரரின் பிரீமியம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவருடைய வயது. இருபது வயது ஆணுக்கு அமெரிக்காவில் பல இடங்களில் காப்பீடு கடுமையான விலை. அதோடு, அதிவேகக் கார், புதிதாகத் தொடங்கிய கடன் வரலாறு, படைத்தளத்தைச் சுற்றியுள்ள நகரத்தின் விபத்துக் கணக்கு ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. தளத்தின் வாசலுக்கு எதிரே வரிசையாக நிற்கும் கார் விற்பனை நிலையங்களில், முதல் சம்பளம் வந்த வாரத்திலேயே மஸ்டாங், சேலஞ்சர் போன்ற வண்டிகளை உயர் வட்டிக்கு எடுத்துக்கொண்டு வருவது படையில் பழைய கதை. கையெழுத்திடும் முன், அந்த வண்டியின் தனி அடையாள எண்ணான வி.ஐ.என்.-ஐ வாங்கிக்கொண்டு காப்பீட்டு விலையைக் கேளுங்கள். மாதத் தவணையை ஒட்டியே காப்பீட்டுத் தொகையும் வந்து நிற்பதைப் பார்த்து வண்டியை மாற்றிக்கொள்ள அதுவே கடைசி வாய்ப்பு.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறுவது சில வேளைகளில் உங்களுக்குச் சாதகமாகவும் அமையும். கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களில் கார் காப்பீட்டு விலையை நிர்ணயிக்க, கடன் வரலாற்றை மதிப்பிடும் கிரெடிட் ஸ்கோரைப் பயன்படுத்தக் கூடாது. ஹவாயில் வயதையும், பாலினத்தையும், எத்தனை ஆண்டு ஓட்டினார் என்பதையும்கூடப் பார்க்கக் கூடாது. பேர்ல் ஹார்பரிலோ ஸ்கோஃபீல்ட் பாரக்ஸிலோ முதல் பணியிடம் பெற்ற பத்தொன்பது வயது வீரருக்கு, எந்த ராணுவத் தள்ளுபடியையும்விட இந்தச் சட்டமே பெரிய உதவி.

இந்தியாவிலோ இலங்கையிலோ பத்தாண்டு ஓட்டிய அனுபவத்தைப் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர் நோ கிளெய்ம் போனஸ் சான்றும் பெரும்பாலும் செல்லுபடியாகாது. புதிதாக வந்த துணைவர் அங்கே புதிய ஓட்டுநராகவே கருதப்படுவார். அதற்காக அவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒரே வீட்டில் வசிக்கும், ஓட்டக்கூடிய அனைவரையும் பாலிசியில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத ஒருவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு.

ஐந்தாம் படி: சான்றுகளைச் சரியாகக் கொடுங்கள்

தள்ளுபடிக்குச் சான்று கேட்பார்கள். பணியில் இருப்பவர் மைபே என்னும் சம்பள இணையதளத்திலிருந்து எடுக்கும் எல்.இ.எஸ். என்னும் சம்பள விவரத் தாள், பணியிட மாற்ற ஆணை, படைப்பிரிவு தரும் பணிச் சான்றுக் கடிதம் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம். முன்னாள் படையினருக்கு, பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதைக் காட்டும் டி.டி. 214 சான்று. எல்.இ.எஸ். தாளில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் பகுதியும் வங்கித் தகவல்களும் இருந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். ராணுவ அடையாள அட்டையை நகலெடுத்து அனுப்பாதீர்கள். தள்ளுபடி போன்ற வணிகத் தேவைகளுக்காக அந்த அட்டையை நகலெடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கேட்பவர் விவரம் தெரியாமல் கேட்டாலும், கொடுப்பவர் தெரிந்து மறுக்க வேண்டும்.

ஆறாம் படி: இடம் மாறும்போது முதலில் முகவரி

பி.சி.எஸ். எனப்படும் பணியிட மாற்றம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். படையினருக்குச் சட்டம் தரும் சலுகை ஒன்று இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. எஸ்.சி.ஆர்.ஏ. எனப்படும் 2003-ஆம் ஆண்டின் படையினர் குடிமை நிவாரணச் சட்டத்தின் பயனாக, டெக்சஸைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொண்டு வடக்கு கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கில் பணிபுரிபவர், டெக்சஸ் நம்பர் பிளேட்டையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தேவைப்படுவது நம்பர் பிளேட்டின் மாநிலம் அல்ல. இரவில் வண்டி நிற்கும் முகவரி. பதிவு டெக்சஸில் இருக்கிறது என்பதற்காக, விலை குறைவான பெற்றோர் வீட்டு முகவரியிலேயே பாலிசியை ஓட்டுவது பொய்த் தகவல் என்று கொள்ளப்படும். விபத்து நேர்ந்த பிறகு அது வெளிப்பட்டால், கட்டிய பிரீமியமும் பயனில்லாமல் போகலாம்.

ஆணை கையில் கிடைத்ததும் நிறுவனத்துக்குத் தெரிவித்து, பதிவு ஒரு மாநிலத்திலும் வண்டி வேறொரு மாநிலத்திலும் இருக்கும் என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ராணுவக் குடும்பங்களோடு பழகிய நிறுவனங்களுக்கு இது அன்றாட வேலை. மற்ற இடங்களில் இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கும். தளத்துக்குள் இருந்த குடியிருப்பைவிட்டு வெளியே வாடகை வீட்டுக்குப் போனாலும் சொல்ல வேண்டும். தளத்துக்குள் நிறுத்துவதற்கான தள்ளுபடி அன்றோடு முடிகிறது.

ஏழாம் படி: களப்பணிக்குப் போகும்போது

உண்மையான சேமிப்பு இங்கேதான் இருக்கிறது. பெரிய இழப்புக்கான குழியும் இங்கேதான்.

ஒன்பது மாதம் குவைத்திலோ கப்பலிலோ இருக்கப் போகிறவரின் கார் ஓடாமல் நிற்கப்போகிறது. ஓடாத வண்டி பிறர் மீது மோதாது. எனவே லயபிலிட்டியையும் கொலிஷனையும் நீக்கிவிட்டுக் காம்ப்ரிஹென்சிவ் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிடங்கில் நிற்கும் வண்டி திருடுபோகலாம், தீப்பிடிக்கலாம், வெள்ளத்தில் மூழ்கலாம் என்பதால் அந்த ஒன்று தேவை. வண்டியைக் கிடங்கில் நிறுத்தும் படையினருக்கு யு.எஸ்.ஏ.ஏ. 60 சதவீதம் வரை தள்ளுபடி தருவதாகச் சொல்கிறது. முதற்படியில் பார்த்த கற்பனைப் பாலிசியையே எடுத்துக்கொண்டால், லயபிலிட்டி 600, கொலிஷன் 400 என 1,200 டாலரில் 1,000 டாலர் நீங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் தளத்துக்குள் நிறுத்திப் பெறும் தள்ளுபடியெல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை.

ஆனால் தொலைபேசியை எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கடன். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் கொலிஷனையும் காம்ப்ரிஹென்சிவையும் கடைசித் தவணைவரை வைத்திருக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தம் சொல்லும். நீக்கினால், வங்கி தானே ஒரு பாலிசியை வாங்கி உங்கள் கணக்கில் ஏற்றும். அது விலை அதிகமானது, உங்களைவிட வங்கியையே காப்பது. எனவே வங்கியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். சில வங்கிகள் கிடங்கு ரசீதையும் ஆணையின் நகலையும் பார்த்து ஒப்புக்கொள்கின்றன. இரண்டாவது, பதிவு. வடக்கு கரோலினா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் நம்பர் பிளேட்டை ஒப்படைக்காமல் லயபிலிட்டியை நிறுத்தினால் அபராதமும் பதிவு இடைநிறுத்தமும் வரும். காப்பீடு நின்ற செய்தியை நிறுவனமே அரசுக்கு அனுப்பிவிடுகிறது. கலிபோர்னியாவில் வண்டி ஓடாது என்று முன்கூட்டியே டி.எம்.வி. என்னும் வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவுசெய்ய வழி உண்டு. மூன்றாவது, சாவி. "வண்டி சும்மாதானே நிற்கிறது, நான் வாரம் ஒருமுறை ஓட்டி வைக்கிறேன்" என்று நண்பரோ தம்பியோ சொன்னால் அது கிடங்கில் நிற்கும் வண்டி அல்ல. பேட்டரிக்காகத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினாலும், அந்தச் சுற்றில் நேரும் விபத்துக்கு லயபிலிட்டி இல்லை.

சிலர், எதற்கு வம்பு என்று பாலிசியையே முழுவதுமாக ரத்துசெய்துவிட்டுப் போகிறார்கள். அது தவறு. திரும்பி வந்து புதிய பாலிசி கேட்கும்போது, ஒன்பது மாதம் காப்பீடில்லாதவர் என்று பதிவு காட்டும். அறுந்த காப்பீட்டுக்கு அமெரிக்க நிறுவனங்கள் விலையை ஏற்றுகின்றன. களப்பணியால் ஏற்பட்ட இடைவெளிக்காகப் படையினரைத் தண்டிக்கக் கூடாது என்று சில மாநிலங்களில் சட்டம் உண்டு. ஆனால் அதை எடுத்துக்காட்டி வாதிட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மாதம் சில டாலர் கட்டி ஒரு பகுதியையாவது உயிரோடு வைத்திருப்பது அந்த வாதத்தைவிட எளிது. திரும்பும் நாளுக்கு முன்பே லயபிலிட்டியை மீட்டுவிட்டு, அதன் பிறகு சாவியைத் தொடுங்கள்.

எஸ்.சி.ஆர்.ஏ. சட்டம் காப்பீட்டுப் பிரீமியத்தைக் குறைக்கும் என்றொரு நம்பிக்கை படைத்தளங்களில் உலவுகிறது. அப்படி இல்லை. பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடனின் வட்டியை 6 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. 180 நாளோ அதற்கு மேலோ களப்பணிக்கு அனுப்பப்படுபவர் கார் குத்தகையை அபராதமின்றி முறித்துக்கொள்ள வழிசெய்கிறது. குத்தகை வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் காப்பீடே தேவைப்படாது என்ற அளவில் அது மறைமுக உதவி, அவ்வளவுதான்.

எட்டாம் படி: வெளிநாட்டுத் தளங்கள்

அமெரிக்காவில் வாங்கிய சாதாரண பாலிசி ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செல்லாது. ஜப்பானில் அரசின் கட்டாயக் காப்பீடு ஆட்களின் காயத்துக்கு மட்டுமே. பொருட்சேதத்துக்கும் சேர்த்துத் தனிக் காப்பீடு வாங்கினால்தான் தளத்தில் வண்டியைப் பதிவுசெய்ய விடுவார்கள். ஜெர்மனியில் ஆட்களின் காயத்துக்கான சட்டக் குறைந்தபட்ச வரம்பே 75 லட்சம் யூரோ. யு.எஸ்.ஏ.ஏ., கெய்கோ இரண்டுமே வெளிநாட்டுத் தளங்களுக்கெனத் தனிப் பாலிசி வைத்திருக்கின்றன. உள்ளூர் நிறுவனங்களையும் கேட்டு ஒப்பிடலாம். கிளம்பும் முன், இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டினார் என்ற கடிதத்தை அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதே போன்ற கடிதத்தை வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்தும் வாங்குங்கள். முந்தையது அங்கே விலையைக் குறைக்க உதவும். பிந்தையது இங்கே இடைவெளி இல்லை என்று நிறுவ உதவும்.

ஒன்பதாம் படி: குடும்பத்துக்கான சில முடிவுகள்

ட்ரைகேர் மருத்துவக் காப்பீடு உள்ள குடும்பத்துக்கு, விபத்தில் காயமடையும் நமக்கும் நம் வண்டியில் வருபவர்களுக்கும் மருத்துவச் செலவு தரும் மெட்பே என்னும் விருப்பப் பகுதியைப் பெரிய தொகைக்கு வாங்க வேண்டிய தேவை குறைவு. அது கட்டாயமில்லாத மாநிலங்களில் இதைச் சுருக்கிச் சிறிது மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அடிக்கடி நண்பர்களை ஏற்றிச் செல்பவர் யோசிக்க வேண்டும், ஏனெனில் உங்கள் ட்ரைகேர் அவர்களுக்கு உதவாது. எதிர்த்தரப்பு காப்பீடே இல்லாமல் ஓட்டினால் கைகொடுக்கும் அன்இன்ஷூர்டு மோட்டரிஸ்ட் பகுதியைச் சுருக்குவது மட்டும் வேண்டாம்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவை, பிள்ளை படையில் இருக்கிறார் என்ற காரணத்தால் யு.எஸ்.ஏ.ஏ.வில் சேர்க்க முடியாது. அந்த உரிமை கீழ்நோக்கிப் பிள்ளைகளுக்குப் போகுமே தவிர மேல்நோக்கிப் பெற்றோருக்குப் போகாது. அவர்கள் உங்கள் காரை ஓட்டுவதாக இருந்தால் உங்கள் பாலிசியில் ஓட்டுநராகச் சேர்ப்பதே முறை.

படைச் சம்பளம் மாதத்தின் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் வருகிறது. பிரீமியம் கட்டும் நாளை அவற்றில் ஒன்றையடுத்து வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தையும் ஒரே தடவையில் கட்ட முடிந்தால் பல நிறுவனங்கள் அதற்குத் தனியே குறைக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறினால், படையினருக்கான உதவிச் சேவையான மிலிட்டரி ஒன்சோர்ஸ் மூலம் இலவச நிதி ஆலோசகர் கிடைப்பார். வங்கியோடோ குத்தகை நிறுவனத்தோடோ வழக்குவரை போனால் தளத்தின் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இரண்டிலும் உங்களிடம் பாலிசி விற்பவர் எவரும் இல்லை.

பத்தாம் படி: பணியிலிருந்து விலகும்போது

பணிக்காலம் முடிந்து வெளியேறுபவர், சீருடையோடு தள்ளுபடியும் போய்விடும் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார். சில நிறுவனங்கள் ஓய்வூதியத்துடன் ஓய்வுபெற்றவருக்கும் நான்காண்டு பணியாற்றி விலகியவருக்கும் வேறுபாடு வைத்திருக்கின்றன, சில வைப்பதில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டி.டி. 214 கைக்கு வந்தவுடன் அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பணிநிலை மாற்றத்தைப் பதிவுசெய்துவிட்டு, மூன்றாம் படியில் சொன்னபடி மீண்டும் மூன்று இடங்களில் விலை கேளுங்கள். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும், கடன் வரலாறும் சீராகியிருக்கும் என்பதால், ராணுவத் தள்ளுபடியே தராத நிறுவனம் இந்தத் தடவை வென்றாலும் வியப்பில்லை. அப்படி வேறு நிறுவனத்துக்குப் போகத் தீர்மானித்தாலும், யு.எஸ்.ஏ.ஏ.வில் பிள்ளைகளுக்கான தகுதி அங்கே பெற்றோர் வைத்திருந்த காப்பீட்டைச் சார்ந்தது என்பதால், அதுவரை அங்கே ஒரு பாலிசியும் எடுத்திராதவர்கள் அதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.